ஆர்னெட் கோல்மனின் 'ஃப்ரீ ஜாஸ்': ரீமாஸ்டர் செய்தால் உண்மையில் என்ன மாறுகிறது?

ஸ்ட்ரீமிங் செயலியில் அமெரிக்க ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனின் 'ஃப்ரீ ஜாஸ்' ஆல்பத்தைத் தேடினால் ஒன்றுக்கு இரண்டாக வந்து நிற்கும், ஒன்றில் 'ரீமாஸ்டர்டு' (பழைய பதிவின் ஒலியைப் புதிதாகச் சீர்செய்தது) என்று ஒட்டியிருக்கும், இன்னொன்றில் ஒன்றும் இருக்காது. இசைத்தட்டு வாங்குகிறவர்களுக்கு மோனோவா (எல்லா ஒலியும் ஒரே சேனலில்) ஸ்டீரியோவா (இடது, வலது என இரண்டு சேனலில்), தனித் தட்டா பல தட்டுகள் கொண்ட பெட்டியா, அனலாகா டிஜிட்டலா என்று வேறு குழப்பங்கள். போதாததற்கு, இந்த இசையை முதல் தடவை கேட்கிறவர்களில் பாதிப் பேர் "எட்டுப் பேர் ஒரே நேரத்தில் இஷ்டத்துக்கு ஊதுகிறார்கள், இதில் ரீமாஸ்டர் செய்து என்ன ஆகப்போகிறது" என்றுதான் நினைப்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ரீமாஸ்டர் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது அதிகம் உறைக்கக்கூடிய ஜாஸ் ஆல்பங்களில் இது ஒன்று. காரணம் சத்தத்தின் தெளிவு மட்டும் இல்லை. இந்த ஆல்பத்தில் இடது பக்கம் எது, வலது பக்கம் எது என்பதே இசையமைப்பின் ஒரு பகுதி.

முதலில், இது என்ன ஆல்பம்

1960 டிசம்பர் 21. நியூயார்க்கில் ஏ அண்ட் ஆர் ஸ்டுடியோ. அட்லாண்டிக் இசை நிறுவனத்துக்காக ஆர்னெட் கோல்மன் எட்டுப் பேரைக் கூட்டி ஒரே நீண்ட படைப்பைப் பதிவு செய்தார். தயாரிப்பு நெசுஹி எர்டெகன், ஒலிப்பதிவு டாம் டௌட். 37 நிமிடம், இடையில் நிறுத்தம் கிடையாது. 1961இல் வெளியானது. முழுப் பெயர் 'ஃப்ரீ ஜாஸ்: எ கலெக்டிவ் இம்ப்ரொவைசேஷன்'. இந்தப் பெயரே பின்னால் ஒரு முழு இசைப் பாணிக்கும் பெயராக ஒட்டிக்கொண்டது. அட்டையில் ஒரு சதுர ஜன்னல் வெட்டியிருக்கும், அதைத் திறந்தால் உள்ளே ஜாக்சன் பொலாக்கின் 'ஒயிட் லைட்' ஓவியம் முழுதாக இருக்கும்.

கோல்மன் டெக்சஸ் மாநிலத்து ஃபோர்ட் வொர்த்காரர், அப்போது வயது 30. அதற்கு முந்தின ஆண்டு, 1959 நவம்பரில், நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் அவருடைய குழு வாசிக்கத் தொடங்கியதிலிருந்தே ஊர் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. மேதை என்றவர்களும் இருந்தார்கள், ஏமாற்றுக்காரர் என்றவர்களும் இருந்தார்கள். இந்த ஆல்பம் வந்ததும் சண்டை இன்னும் சூடானது. 1962 ஜனவரியில் டவுன்பீட் பத்திரிகை ஒரே ஆல்பத்துக்கு இரண்டு விமர்சனங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டது: பீட் வெல்டிங் கொடுத்தது ஐந்து நட்சத்திரம், ஜான் டைனன் கொடுத்தது பூஜ்யம்.

யார் எந்தப் பக்கம்

கோல்மன் கூட்டியது எட்டுப் பேர் கொண்ட ஒரு குழுவை அல்ல, இரண்டு குவார்டெட்டுகளை, அதாவது நான்கு பேர் கொண்ட இரண்டு குழுக்களை. ஸ்டீரியோவில் ஒன்று முழுக்க இடது பக்கம், இன்னொன்று முழுக்க வலது பக்கம்.

1. இடது: ஆர்னெட் கோல்மன் (ஆல்டோ சாக்ஸஃபோன்), டான் செர்ரி (பாக்கெட் டிரம்பெட்), ஸ்காட் லஃபாரோ (டபுள் பாஸ் என்ற, தாழ்ந்த ஒலி தரும் பெரிய தந்தி வாத்தியம்), பில்லி ஹிக்கின்ஸ் (டிரம்ஸ்).

2. வலது: எரிக் டால்ஃபி (பாஸ் கிளாரினெட்), ஃப்ரெடி ஹப்பார்ட் (டிரம்பெட்), சார்லி ஹேடன் (டபுள் பாஸ்), எட் பிளாக்வெல் (டிரம்ஸ்).

பியானோ இல்லை, கிட்டார் இல்லை. கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பது) பிடித்து 'இப்போது இந்த இடத்தில் இருக்கிறோம்' என்று சொல்லித்தரும் வாத்தியம் எதுவுமே இல்லை. அதனால் நாம் பிடித்துக்கொள்ள இருப்பது இரண்டே விஷயம்: தாளத்தின் துடிப்பு, அப்புறம் இந்த இட வல ஏற்பாடு. ஹப்பார்டுக்கு அன்று வயது 22. டால்ஃபி அதே நாளில் நியூ ஜெர்சியில் வான் கெல்டர் ஸ்டுடியோவுக்குப் போய் 'ஃபார் கிரை' என்ற தன் சொந்த ஆல்பத்தையும் பதிவு செய்தார் என்பது இந்தக் கதையின் துணுக்கு. மனிதர்கள் எப்படி இருந்திருக்கிறார்கள் பாருங்கள்.

'ஃப்ரீ' என்றால் தாறுமாறு என்று பொருள் இல்லை

வழக்கமான ஜாஸில் ஒரு பாட்டு இருக்கும், அதற்கென்று கார்டுகளின் வரிசை இருக்கும், சோலோ வாசிப்பவர் அந்த வரிசை திரும்பத் திரும்பச் சுற்றி வரும்போது அதன் மேல் புதிதாக மெட்டுக் கட்டுவார். கோல்மன் அந்தக் கார்டு வரிசையை எடுத்துவிட்டார். மற்றதையெல்லாம் எடுத்துவிடவில்லை. கவனித்துக் கேட்டால் சட்டகம் தெளிவாகவே இருக்கிறது:

1. முன்பே தீர்மானித்த ஒரு சிறு கூட்டு முழக்கம் வரும். சில நொடிகளில் முடிந்துவிடும்.

2. முழக்கம் முடிந்ததும் ஒருவர் சோலோ எடுப்பார். மற்ற ஊதுகுழல்காரர்கள் தோன்றினால் பின்னாலிருந்து சேர்ந்துகொள்வார்கள், சோலோக்காரர் விட்ட ஒரு துண்டைப் பிடித்து இழுப்பார்கள், மறுபடி ஒதுங்கிக்கொள்வார்கள்.

3. அடுத்த முழக்கம், அடுத்த ஆள். வரிசை: டால்ஃபி, ஹப்பார்ட், கோல்மன், செர்ரி, ஹேடன், லஃபாரோ, பிளாக்வெல், ஹிக்கின்ஸ். கோல்மனுக்கு மட்டும் பத்து நிமிட வாக்கில் கிடைக்கிறது. தலைவர் அல்லவா.

வரிசையை இன்னொரு தடவை பாருங்கள். வலது, வலது, இடது, இடது, வலது, இடது, வலது, இடது. சோலோ ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்குத் தாவும்போது எதிர்ப்பக்கத்துக் குழு பின்னணியாக மாறுகிறது. இரண்டு டிரம்மர்களும் முழு நேரமும் வாசித்துக்கொண்டே இருக்கிறார்கள், ஒருவர் நேரான வேகத்தில் போக, மற்றவர் அதன் இரட்டிப்பில் போகிறார். மோனோவில் இது ஒரே கலவையாகக் கேட்கும். ஸ்டீரியோவில் இரண்டு பேர் பேசிக்கொள்வதாகக் கேட்கும்.

இந்த ஆல்பம் மோனோவிலும் வந்தது. ஸ்டீரியோ எல்பிகள் (நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டுகள்) சந்தைக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம், பல வீடுகளில் மோனோ பிளேயர்தான். 'முதல் பதிப்பு மோனோதான் அசல்' என்று இசைத்தட்டு சேகரிப்பவர்கள் சொல்வது பல ஐம்பதுகளின் ஆல்பங்களுக்குப் பொருந்தும். இதற்குப் பொருந்தாது. இங்கே மோனோ என்றால் இரண்டு பேர் பேச்சை ஒரே வாயில் திணித்தது மாதிரி.

ரீமாஸ்டர், ரீமிக்ஸ், மறுவெளியீடு

மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம், அதனால் சுருக்கமாக.

மறுவெளியீடு: பழைய ஆல்பம் மறுபடி சந்தைக்கு வருகிறது, அவ்வளவே. பழைய டிஜிட்டல் கோப்பையே எடுத்துப் புது அட்டையில் போட்டாலும் மறுவெளியீடுதான்.

ரீமிக்ஸ்: தனித்தனி டிராக்குகளாக இருக்கும் மூலப் பதிவுக்குப் போய், எந்த வாத்தியம் எவ்வளவு சத்தம், எந்தப் பக்கம் என்பதையே மாற்றி அமைப்பது.

ரீமாஸ்டர்: கலந்து முடித்த இரண்டு சேனல் ஒலிநாடாவை எடுத்துக்கொண்டு, அதன் மொத்த ஒலியில் மட்டும் கை வைப்பது. நாடாவை நல்ல இயந்திரத்தில் ஏற்றுவது, நாடாவைப் படிக்கும் ஹெட்டின் கோணத்தைச் சரிசெய்வது, ஈக்வலைசரில் தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் ஏற்றி இறக்குவது, இரைச்சலைக் குறைப்பது, மொத்தச் சத்த அளவைத் தீர்மானிப்பது. 'செர்ரியின் டிரம்பெட்டை மட்டும் கொஞ்சம் முன்னால் கொண்டுவா' என்று கேட்டால் முடியாது, அவரோடு லஃபாரோவும் ஹிக்கின்ஸும் சேர்ந்தே வருவார்கள்.

ஆனால் இந்த ஆல்பத்தில் ஒரு விசித்திரமான சலுகை இருக்கிறது. இடது சேனல் என்பது ஒரு முழுக் குழு, வலது சேனல் இன்னொரு முழுக் குழு. மாஸ்டரிங் பொறியாளர் ஒரு சேனலின் அளவை ஒரு டெசிபல் கூட்டினால் ஒரு குவார்டெட்டையே முன்னால் தள்ளிவிடுகிறார். சாதாரண ஆல்பத்தில் யாரும் கவனிக்காத சிறு மாற்றம், இங்கே யார் யாருக்குப் பின்னணி வாசிக்கிறார்கள் என்பதையே லேசாக மாற்றும்.

தட்டின் வரிக்குள் என்ன நடக்கிறது

வினைல் (இசைத்தட்டு) வாங்க நினைப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப்போக வேண்டாம்.

ஸ்டீரியோ எல்பியின் வரி 'வி' வடிவப் பள்ளம். அதன் இரண்டு சுவர்களும் ஆளுக்கு ஒரு சேனலைச் சுமக்கின்றன: தட்டின் மையத்தைப் பார்த்த உள்சுவரில் இடது, வெளிச்சுவரில் வலது. அதாவது இந்தத் தட்டில் ஊசியின் ஒரு பக்கத்தைக் கோல்மன் குழு தள்ளுகிறது, மறுபக்கத்தை டால்ஃபி குழு தள்ளுகிறது. இரண்டு சேனலிலும் ஒரே ஒலி இருந்தால் ஊசி பக்கவாட்டில் மட்டும் ஆடும். ஒரு சேனலில் மட்டும் ஒலி இருந்தால் மேலும் கீழுமாகவும் ஆடும்.

இங்கேதான் சிக்கல்கள் தொடங்குகின்றன:

1. தாழ்ந்த ஒலிக்கு அலை பெரியது. டபுள் பாஸின் அடிக்கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ். அது ஒரே பக்கத்தில் மட்டும் இருந்தால் வரியின் ஆழம் ஏறி இறங்கும், மேலோட்டமான இடத்தில் ஊசி குதித்து ஓடவும் வாய்ப்புண்டு. அதனால்தான் ராக், பாப் ஆல்பங்களில் பாஸை நடுவில் வைப்பது வழக்கமாகிப்போனது. இங்கேயோ இரண்டு பாஸ், ஆளுக்கு ஒரு ஓரத்தில்.

2. இதற்குத் தட்டில் வரியை வெட்டும் பல கட்டிங் பொறியாளர்கள் கையாளும் வைத்தியம், குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உள்ள ஒலியை மட்டும் மோனோவாக்கி நடுவுக்குத் தள்ளுவது. பொதுவாக யாருக்கும் நஷ்டமில்லை, ஏனென்றால் மிகத் தாழ்ந்த ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று நம் காதுக்கு அவ்வளவாகத் தெரியாது. இந்த ஆல்பத்தில் அப்படிச் செய்தால் விரல் கம்பியைத் தட்டும் ஒலி அதனதன் ஓரத்திலேயே இருக்கும், ஆனால் உடல் கனம் நடுவுக்கு நகர்ந்துவிடும். ஹேடன் கீழ்க்கம்பிகளில் நின்று நிதானமாக வாசிப்பவர், லஃபாரோ மேல் ஸ்தாயியில் கிட்டார் மாதிரி ஓடுபவர். அதனால் அடி விழுவது பெரும்பாலும் ஹேடனுக்குத்தான்.

3. ஊசி பொருத்திய கார்ட்ரிட்ஜ்களின் சேனல் பிரிப்பு பெரும்பாலும் 20 முதல் 30 டெசிபல் வரைதான். ஒரு குழுவின் மெல்லிய நிழல் எதிர்ப்பக்கத்தில் கேட்டே தீரும். எட்டுப் பேரும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் வாசித்ததால் மைக்குகளிலும் கொஞ்சம் கசிவு இருக்கிறது. சி.டி.யில் அந்தக் கசிவு மட்டும் கேட்கும், தட்டில் இரண்டும் சேர்ந்து கேட்கும். நிறையப் பேருக்கு இந்தக் கூடுதல் கலப்பு பிடித்திருக்கிறது, ஹெட்ஃபோனில் கேட்பவர்களுக்குக் கொஞ்சம் இதமாகவும் இருக்கிறது. ரசனை விஷயம், விட்டுவிடலாம்.

4. நீளம். 37 நிமிடம் ஒரு பக்கத்தில் அடங்காது, அதனால் எல்பியில் நடுவில் உடைத்து இரண்டு பக்கமாகப் போட்டார்கள். தொடர்ச்சியே உயிராக இருக்கிற ஒரு படைப்புக்கு இது சின்ன விஷயம் இல்லை. எழுந்து போய்த் தட்டைத் திருப்பி வைக்கும் நேரத்தில் கோர்வை அறுந்துவிடும். முழுதாக ஒரே ஓட்டத்தில் கேட்க சி.டி.யும் கோப்புகளும்தான் வழி.

சத்தம் கூட்டும் நோய்

தொண்ணூறுகளிலிருந்து பல ரீமாஸ்டர்களுக்குப் பிடித்த வியாதி இது. கம்ப்ரஷன் போட்டு மெல்லிய ஒலியைத் தூக்கி, மொத்தத்தையும் உச்சத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தால் சத்தம் அதிகமான பதிப்புதான் முதலில் 'நன்றாக' இருப்பதாகத் தோன்றும், நம் காது அப்படி.

ஃப்ரீ ஜாஸில் இதன் விளைவு மோசமாக இருக்கும். 25 நிமிடம் தாண்டியதும் ஊதுகுழல்கள் அடங்கி ஹேடன் சோலோ தொடங்குகிறார், பிறகு 30ஆவது நிமிட வாக்கில் லஃபாரோ. அதுவரை எட்டுப் பேரின் நெரிசலில் இருந்த காதுக்கு அந்த இறக்கம் ஒரு பெரிய விடுதலை. ஒருவர் சோலோ வாசிக்க மற்றவர் துணைக்கு நிற்கிறார், இரண்டு பாஸ்களும் இரண்டு காதுகளில். கம்ப்ரஷன் அதிகமான பதிப்பில் இந்த இறக்கமே இருக்காது, நெரிசலும் தனிமையும் ஒரே உயரத்தில் நிற்கும். அப்போதுதான் கேட்பவருக்கு 'எல்லாம் ஒரே இரைச்சல்' என்ற சலிப்பு வருகிறது. பழி இசைமேல் விழுகிறது.

இரைச்சல் நீக்குவதும் அப்படித்தான். நாடாவின் 'ஸ்ஸ்' ஒலியும் ஹிக்கின்ஸின் சிம்பலின் நுனி ஒலியும் ஏறக்குறைய ஒரே பிரதேசத்தில் வசிக்கின்றன. ஒன்றைத் துடைத்தால் இன்னொன்றும் கொஞ்சம் போகும். கொஞ்சம் 'ஸ்ஸ்' இருந்துவிட்டுப் போகட்டும் என்பதே என் கட்சி.

கையில் என்ன நாடா இருக்கிறது

1978 பிப்ரவரியில் நியூ ஜெர்சியின் லாங் பிராஞ்சில் அட்லாண்டிக்கின் ஒலிநாடாக் கிடங்கு தீப்பற்றி எரிந்தது. ஆயிரக்கணக்கான நாடாக்கள் போயின, பெரும்பகுதி வெளியிடப்படாத பதிவுகளும் மாற்று டேக்குகளும் (ஒரே பாட்டை இன்னொரு தடவை வாசித்த பதிவுகள்). வெளியான ஆல்பங்களின் மாஸ்டர் நாடாக்கள் பல வேறு இடத்தில் இருந்ததால் தப்பின. அட்லாண்டிக்கின் பழைய ஆல்பங்கள் புதுப்பதிப்பாக வரும்போது 'இதுவரை கேட்டிராத' கூடுதல் பாடல்கள் பெரிதாக வராததற்கு இந்தத் தீ முக்கியக் காரணம்.

இந்த ஆல்பத்தைப் பொறுத்தவரை ஒரு அதிர்ஷ்டம், தீக்கு முன்பே இன்னொரு டேக் வெளியே வந்துவிட்டது. அன்றைய பதிவில் முதலில் வாசித்த 17 நிமிட வடிவம் 'ஃபர்ஸ்ட் டேக்' என்ற பெயரில் 1971இல் 'ட்வின்ஸ்' ஆல்பத்தில் வந்தது. பிறகு 1993இல் ரைனோ நிறுவனம் வெளியிட்ட 'பியூட்டி இஸ் எ ரேர் திங்' என்ற ஆறு சி.டி. தொகுப்பில் கோல்மனின் அட்லாண்டிக் பதிவுகளோடு சேர்ந்தது, 'ஃப்ரீ ஜாஸ்' சி.டி.யின் பிற்பாடு வந்த பதிப்புகளிலும் இணைப்பாக இருக்கிறது. 2018இல் அதே ரைனோ 'தி அட்லாண்டிக் இயர்ஸ்' என்று பத்து எல்பி கொண்ட பெட்டியை வெளியிட்டது, ரீமாஸ்டர் செய்தவர் லண்டன் ஏர் ஸ்டுடியோவின் ஜான் வெபர். அதில் 'ஃப்ரீ ஜாஸ்', 'ட்வின்ஸ்' இரண்டும் தனித்தனித் தட்டாக உண்டு.

'அனலாக்' என்று அட்டையில் போட்டிருந்தால்

2022 ஜூலையில் வினைல் உலகில் ஒரு பெரிய ரகளை நடந்தது. மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்க மறுவெளியீட்டு நிறுவனத்தின் விலையுயர்ந்த தட்டுகளை முழு அனலாக் என்று நம்பிப் பலர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவற்றில் பலவும் டிஜிட்டல் நகல் வழியாக வந்தவை என்று நிறுவனத்துப் பொறியாளர்களே ஒப்புக்கொண்டார்கள். வழக்கு, இழப்பீடு வரை போனது. இதில் வேடிக்கை என்னவென்றால், காது தேர்ந்தவர்கள் என்று பேர் வாங்கிய பலர் அதுவரை அந்தத் தட்டுகளைத்தான் அனலாகுக்கு உதாரணமாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, டிஜிட்டல் படி இருக்கிறதா என்பதை விட எந்த நாடாவிலிருந்து எடுத்தார்கள், யார் செய்தார்கள் என்பது முக்கியம். அட்டையில் இந்த இரண்டும் வெளிப்படையாக அச்சிட்டிருந்தால் நல்ல அறிகுறி. வெறுமனே 'ரீமாஸ்டர்டு' என்று மட்டும் போட்டிருந்தால் அதற்கு எந்த அர்த்தமும் இல்லை.

உங்கள் பதிப்பைச் சோதித்துப் பார்க்க

1. ஒற்றை புளூடூத் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பெரும்பாலானவை இரண்டு சேனலையும் ஒன்றாகக் கலந்துவிடும். ஃபோனில் 'மோனோ ஆடியோ' அமைப்பு தெரியாமல் இயங்கிக்கொண்டிருந்தாலும் இதே கதி.

2. ஹெட்ஃபோன் போட்டு முதல் ஐந்து நிமிடம். முழக்கம் முடிந்ததும் டால்ஃபியின் பாஸ் கிளாரினெட் வலது காதில் தொடங்க வேண்டும். இடது காதில் தொடங்கினால் ஹெட்ஃபோனை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள், அல்லது வயரை மாற்றிச் சொருகியிருக்கிறீர்கள்.

3. ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டு இடதை மட்டும் கேளுங்கள். கோல்மனின் குவார்டெட் தனியாக நின்று வாசிக்கிறது. பிறகு வலது மட்டும். ஒரே இசையின் இரண்டு பாதிகளைத் தனியாகக் கேட்ட பிறகு இரண்டையும் சேர்த்துப் போட்டால் முதல் தடவை கேட்டதை விட எவ்வளவோ தெளிவாக இருக்கும். ஆளை மிரட்டிய அந்த நெரிசல் பாதியாகக் குறையும்.

4. இரண்டு பதிப்புகளை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள். செயலியில் ஒலி அளவைச் சமப்படுத்தும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள்.

5. ஹேடன் சோலோவுக்குப் போங்கள். கீழ்க்கம்பியை அவர் இழுக்கும்போது அந்தக் கனம் வலது பக்கத்திலேயே நிற்கிறதா, நடுவுக்கு வழுக்கிப் போகிறதா? பிறகு லஃபாரோ சோலோவில், ஹேடன் பின்னணியில் வாசிப்பது தனியாகப் பிரிந்து தெரிகிறதா? இரண்டும் தேறினால் நல்ல பதிப்பு.

லஃபாரோ இந்த ஆல்பம் கடைக்கு வரும் முன்பே, 1961 ஜூலை 6 அன்று கார் விபத்தில் இறந்துபோனார், வயது 25. பியானோ கலைஞர் பில் எவான்ஸின் மூவர் குழுவில் அவர் வாசித்ததைத்தான் எல்லோரும் பேசுவார்கள். தன் நண்பர் ஹேடனோடு எதிரெதிர்க் காதுகளில் அவர் நிற்கும் இந்தச் சில நிமிடங்களுக்காகவே ஒரு ரீமாஸ்டரைத் தேர்ந்தெடுக்கலாம் என்பேன்.

வாங்குவதைப் பற்றி: புதிதாகக் கேட்பவருக்கு 'ஃபர்ஸ்ட் டேக்' இணைத்த சி.டி.யோ அதே பதிப்பின் ஸ்ட்ரீமிங்கோ போதும், தாராளமாகப் போதும். பெட்டி, கோல்மன் 1959 முதல் 1961 வரை அட்லாண்டிக்குக்காகச் செய்த வேலை முழுவதும் வேண்டும் என்பவர்களுக்கு. முதல் தடவை 37 நிமிடம் மலைப்பாக இருந்தால் 'ஃபர்ஸ்ட் டேக்'கிலிருந்து தொடங்குங்கள். அதே எட்டுப் பேர், அதே இட வல ஏற்பாடு, சோலோக்கள் மட்டும் குட்டி, 17 நிமிடத்தில் முடிந்துவிடும்.